ஒட்டாத குழாய்

ஒடீல் லார்டினுவாவுக்கு பீர் ஆகாது. கசப்பு என்றால் முகத்தைச் சுளிப்பாள். அவளைக் கட்டிய கிளெம்முக்கோ பொழுது சாய்ந்தால் ஒரு கிளாஸ் வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் குடித்தனம் சச்சரவில்லாமல் ஓடியதற்குக் காரணம் நுரை. பீரின் தலையில் வெள்ளையாய் நிற்கிறதே, அந்த நுரை மட்டும் அவளுக்குப் பிடிக்கும். அதற்கென்றே ஒரு குட்டிக் கிளாஸ் வைத்திருந்தான் கிளெம். விஸ்கான்சின் பக்கம் அந்த அளவுக்கு ‘ஸ்னிட்’ என்று பெயர். பாதிக்கு மேல் நுரையாக அதில் பிடித்து, நிலவறைப் படிக்கட்டின் மேல் படியில் வைப்பான். மூட்டு வலிக்காரி கீழே இறங்க மாட்டாள். வைத்த கையோடு படிக்கட்டின் மரச் சுவரில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவான். அவள் சமையலறையிலிருந்து வந்து கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். நுரையை மட்டும் உறிஞ்சிவிட்டு மிச்சத்தை அப்படியே படியில் வைத்துவிடுவாள். அந்த மிச்சமும் அவனுக்குத்தான்.

கிளெம் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் தயிர்த் தொட்டி கிண்டியவன். கிண்டிக் கிண்டி வலது மணிக்கட்டு தேய்ந்துபோனது. வேலையை விட்டு வீட்டோடு ஆனதும் நிலவறையில் ஒரு சின்ன பார் கட்டினான். பழைய குளிர்பெட்டிக்குள் பீப்பாய், பெட்டியின் முகப்பில் ஒரு குழாய், முன்னால் ஓக் மரப் பலகை. வியாழக்கிழமைதோறும் சீட்டாட நாலு பேர் வருவார்கள். மற்ற நாட்களில் அவனும் அவன் மனைவியின் நுரையும்தான்.

அந்தக் குழாய் வாங்கியதல்ல. கிளெம்மின் தாய்மாமன் டெசிரே ஷோடுவா நாற்சந்தியில் சாராயக்கடை வைத்திருந்தார். பெண்சாதி ஓடிப்போனவர், பிள்ளையில்லாதவர், அக்காள் பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருந்தவர். அவர் செத்து கடை ஏலம் போனபோது ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஒருவர் கண்ணாடியை, ஒருவர் மான் தலையை. கிளெம் ஒரு ஸ்பேனரைக் கொண்டுபோய்க் குழாயைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

அதை மாட்டிய அன்று தம்பி ஃபெர்டி உடனிருந்தான். ஊர் ஊராய் சாராயக்கடைகளுக்குப் போய் பீர்க் குழாய் கழுவுவது ஃபெர்டியின் பிழைப்பு. கல்யாணமே செய்துகொள்ளாமல் குழாய்களோடு காலம் தள்ளியவன்.

“அண்ணே, இதையா மாட்டப் போற? குழாய் மூக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. மஞ்சளா தெரியுதா? மேல்பூச்சு போயிடுச்சு. பித்தளை பீர்ல பட்டா காசை நக்குன மாதிரி இருக்கும்.”

“நான் காசை நக்குனது கிடையாதுடா. நீதான் நக்கிப் பாத்திருக்க போல.”

“விளையாடாத. இதுல அடைக்கிற மூடி பின்னாடி இருக்கு. மூடுனாலும் முன் குழல்ல கொஞ்சம் பீர் தங்கும், காத்துப் பட்டுக் காஞ்சு கோந்தாயிடும். ரெண்டு நாள் தொடலைன்னு வை, கைப்பிடி நகரவே நகராது. இப்பப் புதுசா எவர்சில்வர்ல ஒண்ணு வருது. மூடி முன்னால, வாய்கிட்டயே. உள்ள எப்பவும் ஈரம் இருக்கும். மாசக்கணக்கா தொடாம விட்டாலும் ஒத்த விரலால திறக்கலாம்.”

“மாசக்கணக்கா தொடாதவனுக்கு எதுக்குடா வீட்ல குழாய்? இது மாடு மாதிரி. தினம் கறக்கணும். கறக்காத மாடு உதைக்கத்தான் செய்யும்.”

“உன் மணிக்கட்டு இருக்கிற லட்சணத்துக்கு...”

“என் மணிக்கட்டுக்கு நம்ம மாமனைத் தெரியும். நீ உன் எவர்சில்வரைக் கொண்டுபோய் பாதிரியார்கிட்ட வித்துக்கோ.”

மேலே சமையலறையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒடீலுக்கு இந்தப் பேச்சு முழுதும் கேட்டது. அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும். அப்படியே குழாய் சாஸ்திரமும் காதில் ஏறிவிட்டது.

கிளெம் இறந்தது பனிக்காலத்தில், ஊரை ஒட்டி உறைந்து கிடந்த வளைகுடாவின் மேல். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பதற்கு அவனுக்கு ஒரு மரக்குடில் இருந்தது. சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று ஃபெர்டி தேடிப்போனான். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தான் கிளெம். கண் திறந்திருந்தது. விரலில் சுற்றியிருந்த தூண்டில் நூல் துளைக்குள் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கீழே மீன் உயிரோடிருந்தது. ஃபெர்டி அந்த நூலை அறுத்து மீனைப் போகவிட்டான். பிறகுதான் அண்ணனைத் தொட்டான்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து, பெரிய கொப்பரையில் கோழிக்குழம்பு கொதிக்க, கிளெம்மின் குழாயில் பிடித்துக் குடித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அதோடு சரி. வியாழக்கிழமைக்காரர்கள் வரவில்லை. வந்தால் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், அதைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. ஒடீல் குளிர்பெட்டியை அணைக்கவில்லை. பீருக்காக அல்ல, சத்தத்துக்காக. தரைக்கு அடியில் அது ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டிருப்பது வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

வளைகுடாவில் பனி உடைந்து தண்ணீர் தெரிந்த நாட்களில், இனியும் விட்டால் நாறிவிடும் என்று ஒடீல் வெந்நீர் வாளியோடு கீழே இறங்கினாள். பக்கவாட்டாகத் திரும்பி, படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து. குழாயை அவளுக்குத் தெரியும். கல்லாய் இறுகியிருக்கும், வெந்நீர்த் துணியைச் சுற்றி ஊறவைத்துத்தான் அசைக்க வேண்டும். துணியைப் பிழிந்துகொண்டே மறு கையைச் சும்மா கைப்பிடியின் மேல் வைத்தாள்.

அது சாய்ந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. பீர் குபுகுபுவென்று அவள் கையில் கொட்டியது. சில்லென்று, நல்ல வாசனையோடு. தேங்கி நின்ற பீர் அல்ல அது, நேற்றைக்குத்தான் கறந்த மடியின் பீர்.

வாளியை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறினாள். மறுநாள் காலை எதற்கோ நிலவறைக் கதவைத் திறந்தபோது, மேல் படியில் அவளுடைய குட்டிக் கிளாஸ் இருந்தது. அடியில் ஒரு விரற்கடை பீர். உட்புறம் முழுக்க நுரை காய்ந்த வளையங்கள்.

ஒடீல் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பயம் அவளுக்கு. ஒன்று எல்லாருக்கும் வருகிற பயம். இன்னொன்றுதான் பெரிது. சில நாட்கள் சாயங்காலம் கண்ணயர்ந்து விழிக்கும்போது அவள் உதட்டில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மகன் ரோலி கிரீன் பே நகரத்தில் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவைப் பார்க்க வருவான். விளக்குப் பல்பு எடுக்க நிலவறைக் கதவைத் திறந்தவன் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

“அம்மா, இது என்ன? ஈரமா இருக்கு.”

“வை அங்க.”

“கீழ போய் பீப்பாயை ஆட்டிப் பாத்தேன். சாவுக்கு வந்தவங்க குடிச்சதுக்கு அப்புறம் இவ்வளவு குறைஞ்சிருக்கவே கூடாது. நீ குடிக்கிறியா?”

“நானா? உங்கப்பன் காலுல விழுந்து கெஞ்சுனப்பவே ஒரு வாய் குடிக்காதவ.”

“அப்ப யாரு குடிக்கிறா?”

ஒடீல் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் வாரக்கணக்காகத் தனியாய்ச் சுமந்தது, பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குழாய் ஒட்டாததைச் சொன்னாள். கிளாஸைச் சொன்னாள். உதட்டுக் கசப்பை மட்டும் சொல்லவில்லை.

ரோலி பயந்தான்தான். ஆனால் அவள் நினைத்த பயம் அல்ல. அவனுக்கு ஒடீலின் பெரியம்மா ஃபிலோமின் ஞாபகம் வந்தது. ஒடீல் பிறந்த டெல்வீஷ் குடும்பத்துப் பெண்களில் அவள்தான் கடைசி வரை தனியாக வாழ்ந்தவள். செத்துப்போன புருஷனுக்குத் தினம் தட்டு வைத்து, அந்தச் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டுவிட்டு, “அவரு நல்லா சாப்பிட்டாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தவள். ஒரு பனிக்காலத்தில் சாலையோரத்துச் சின்ன மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு போய் அங்கேயே விறைத்துக் கிடந்தாள்.

“அம்மா, நீ எங்கூட வந்துடு. எங்க வீட்டுப் பக்கத்துலயே சின்ன குடியிருப்பு இருக்கு. படி கிடையாது. நர்ஸ் வருவாங்க.”

“எனக்கு என்னடா வியாதி?”

“வியாதின்னு யாரு சொன்னா?”

“உன் மூஞ்சி சொல்லுது. நான் ஃபிலோமின் இல்ல.”

“பெரிய பாட்டியும் அப்படித்தான் சொன்னாங்கம்மா.”

அந்த வீட்டை விட்டுப் போவதென்றால் ஒடீலுக்குத் தோலை உரித்துக்கொண்டு போகிற மாதிரி. ஆனால் மகன் சொல்வது நிஜமாயிருந்தால்? தூக்கத்தில் எழுந்து, நடக்க முடியாத காலால் இருட்டுப் படியிறங்கி, தனக்குப் பிடிக்காததைப் பிடித்துக் குடிக்கிறவள் தானேயானால்?

பஞ்சாயத்துக்கு ஃபெர்டி வந்தான். குழாயைக் கழற்றி, ஓக் பலகையில் துண்டு துண்டாகப் பரப்பி, ரப்பர் வளையத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தான். டார்ச் அடித்தான். மோந்தான்.

“அண்ணி, மனுஷன் பொய் சொல்லுவான், குழாய் சொல்லாது. இது அதே பழைய முண்டம்தான். எதையும் மாத்தல. இது ஒட்டாம இருக்குன்னா யாரோ தினம் இழுக்குறாங்க.”

“அதுதான் எனக்கே தெரியுமே. யாருன்னு சொல்லு.”

“அதையும் இதுகிட்டயே கேப்போம். நீ ஒரு வாரம் உன் தங்கச்சி அல்வினா வீட்டுல போய் இரு. வீட்டைப் பூட்டிடுவோம், சாவி ரோலிகிட்ட. திரும்பி வந்து இழுத்துப் பாப்போம். கைப்பிடி லேசா வந்தா அது உன் வேலை இல்ல, ரோலி வாயைத் திறக்கக் கூடாது. ஒட்டிக்கிட்டு இருந்தா...” ஃபெர்டி தலையைச் சொறிந்தான்.

“ஒட்டிக்கிட்டு இருந்தா அது நான்தான். அப்ப பேசாம இவன் பின்னால போயிடறேன்” என்றாள் ஒடீல். “சத்தியம்.”

“சத்தியமெல்லாம் எதுக்கும்மா” என்றான் ரோலி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அல்வினாவின் வீட்டில் அந்த வாரம் ஒடீலுக்கு ஓடவே இல்லை. தங்கை ரேடியோவை அலறவிடுகிறவள். “ஏன்க்கா சுவரையே பாக்குற, சுவர் என்ன பேசுதா?” என்று கேட்டாள். சுவர் பேசாததுதான் ஒடீலின் பிரச்சினை. வீட்டில் அரைத் தூக்கத்தில் கேட்பது போலிருக்கும் அந்த இரண்டு தட்டு இங்கே கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது உதட்டில் கசப்பும் இல்லை.

திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். ரோலி ஒதுங்கி நின்றான். ஃபெர்டி, “நீயே இழு அண்ணி” என்றான்.

ஒடீல் இழுத்தாள். கைப்பிடி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றது.

ஃபெர்டி தன் பூட்ஸைப் பார்த்தான். குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. “சரி, நான்தான்” என்றாள் ஒடீல். படியேறும்போது மகன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவள் விடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கே தன் மேல் நம்பிக்கை போயிருந்தது.

மூட்டை கட்டுகிற வேலை தொடங்கியது. அவள் திரும்பி வந்த மறுநாளே மேல் படியில் கிளாஸ் இருந்தது. அதையும் ஒடீல் பேசாமல் கழுவிக் கவிழ்த்தாள். ‘பாவி, உனக்கே ஊத்தி உனக்கே வைக்கிறியே’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அறுவடைத் திருவிழா நெருங்கிய சமயம். ஊரெல்லாம் பிளம் பழப் பணியாரம் சுடும் வாசனை. ஃபெர்டி அதில் ஒன்றைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தான். தான் வைத்த பரீட்சையில் அண்ணி தோற்றது அவனுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. ஒடீல் சமையலறை மேசையில் கிளாஸ்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு பித்தப்பை எடுத்தாங்களே, ஆஸ்பத்திரில கிடந்தேனே, ஞாபகம் இருக்கா?” என்றாள் திடீரென்று.

“அண்ணன் தினம் வந்து உன் ஜெல்லியைத் திருடித் தின்னானே, மறக்குமா?”

“நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கு எனக்கு நுரை பிடிக்கப் போனான். போனவன் கீழ நின்னு கெட்ட வார்த்தை பேசுறான். குழாய் ஒட்டிக்கிச்சு. வெந்நீர் கொண்டா, துணி கொண்டான்னு...” சுற்றுவதை நிறுத்தினாள். “ஃபெர்டி, அப்ப அவன் உயிரோடதானே இருந்தான்? இந்த வீட்டுலதானே இருந்தான்?”

“ஆமா.”

“ஏன் ஒட்டுச்சு?”

ஃபெர்டியின் வாயில் பணியாரம். மென்றுகொண்டே சொன்னான்: “தனியா குடிக்கிறவன்தான் குடிகாரன்னு சொல்லுவான். வீட்டுல நீ இல்லாட்டி கீழயே இறங்க மாட்டான்.” மெல்லுவது நின்றது. தட்டைக் கீழே வைத்தான்.

“நான் இல்லாத வீட்டுல” என்றாள் ஒடீல், “அவன் யாருக்குடா ஊத்துவான்?”

ஃபெர்டிக்கு முன்னங்கை மயிர் எழுந்து நின்றது. நல்ல வெளிச்சமான மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம் அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இருவரும் தரையைத்தான் பார்த்தார்கள்.

“பரீட்சை தப்பு” என்றான் கடைசியில். “ஆளை வெளிய அனுப்பியிருக்கக் கூடாது. ஆளை வீட்டுல வச்சு, கதவைப் பூட்டியிருக்கணும்.”

ரோலி சுலபத்தில் இசையவில்லை. “மறுபடியுமா? சித்தப்பா, அம்மாவோட சேர்ந்து உங்களுக்கும்...” என்று நிறுத்தினான்.

“எனக்கும் கழண்டுடுச்சு, சொல்லு. எனக்கு எப்பவோ கழண்டது, உங்கப்பன்கிட்ட கேளு.”

கடைசியாக, இதுவே முடிவு, இதற்கப்புறம் அம்மா பேச்சு மாறக் கூடாது என்ற நிபந்தனையோடு ரோலி வந்தான். நிலவறைக்கு வெளியிலிருந்து இறங்கும் சாய்கதவைத் தாழிட்டுப் பூட்டினான். ஃபெர்டி குழாயைக் கழுவித் துடைத்தான். குட்டிக் கிளாஸை ஓக் பலகை மேல் கவிழ்த்து வைத்தான். சமையலறைப் பக்கத்துக் கதவில் புதுக் கொண்டி அடித்து, ரோலி தன் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிரீன் பேவுக்குப் போனான். அடுத்த ஞாயிறு திறப்பது என்று பேச்சு.

அந்த வாரம் ஒடீல் பூட்டிய கதவைப் பார்த்தபடி பீன்ஸ் நறுக்கினாள், காலுறை தைத்தாள். ஒவ்வொரு சாயங்காலமும், பொழுது சாயும் நேரத்தில், சுவரில் தட்டு கேட்டது. டக், டக். முன்பெல்லாம் அதைக் கேட்டால், கனவோ, மனப்பிராந்தியோ என்று இருந்துவிடுவாள். இப்போது பூட்டு அவளுக்குத் துணிச்சல் கொடுத்திருந்தது. கதவருகே போய் நின்றாள்.

“சாவி எங்கிட்ட இல்ல கிளெம்” என்றாள். “உன் பையன் எடுத்துட்டுப் போயிட்டான்.”

அந்தப் பக்கம் ஒரு படி முனகியது. ஆள் பாரம் ஏறினால் முனகும் படி அது. இறங்கினாலும் முனகும்.

ஞாயிற்றுக்கிழமை ரோலியின் கார் வாசலில் திரும்புகிற அதே சமயம், காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு தட்டும் கேட்டன. காலையில் கேட்டது அதுவே முதல் தடவை. ஃபெர்டி முன்னமே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கேட்டது. “குளிர்பெட்டியா இருக்கும்” என்றான். யாரும் கேட்காமலே சொன்னான்.

ரோலி பூட்டைத் திறந்தான். கதவை இழுத்தான். இறங்கக் காலெடுத்தவன் அந்தரத்திலேயே நிறுத்தினான்.

மேல் படியில் குட்டிக் கிளாஸ் இருந்தது. மேலே நுரை, கோபுரமாய், விளிம்பைத் தாண்டி நின்றது. ஊற்றிய பீர் நுரை எவ்வளவு நேரம் நிற்கும் என்று அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர்கள் பார்க்கப் பார்க்க நுரையில் சின்னச் சின்னக் குமிழிகள் உடையும் சத்தம் கேட்டது. படிக்கட்டு இருட்டாக இருந்தது. கீழேயிருந்து குளிர்ந்த காற்றும், ஈரக் கம்பளிக் கோட்டு வாசனையும் மேலே வந்தன.

ஃபெர்டி மட்டும் கீழே போனான். போகத்தான் வேண்டும், அவன் வைத்த பரீட்சை. சாய்கதவின் பூட்டை ஆட்டும் சத்தம் கேட்டது. பிறகு பீர் கொட்டும் சத்தம். “லேசா வருது!” என்று அவன் குரல் வந்தது. “ஒத்த விரலுக்கு வருது!” அப்புறம் அவன் மேலே வந்த வேகம், அந்த வயதுக்கு அதிகம்.

ரோலி மேசையில் உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமில்லை. “அம்மா, இப்ப நீ கண்டிப்பா வந்தே ஆகணும்” என்றான்.

“என்னடா இது? ஒட்டுனா நான் போகணும், ஒட்டலைன்னா இருக்கலாம்னுதானே பேச்சு?”

“இதோட எப்படிம்மா இந்த வீட்ல இருப்ப?”

“இதோடதான்டா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இருக்கேன்.”

ஃபெர்டி சிரித்துவிட்டான். ஒடீல் எழுந்து போய் மேல் படியிலிருந்து கிளாஸை எடுத்து வந்தாள். நின்றபடியே நுரையை உறிஞ்சினாள். மீசை மாதிரி மேலுதட்டில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. புறங்கையால் துடைத்தாள். தூக்கக் கலக்கத்தில் தட்டு கேட்டுப் போய் எடுத்திருப்பாள் போலிருக்கிறது, இத்தனை நாளும். உதட்டுக் கசப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கியது. மிச்சத்தைப் படியிலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு வீட்டைப் பற்றி ரோலி பேசவில்லை. ஆனால் அவனுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை வரும்போது ஒரு புதுக் குழாய் வாங்கி வந்திருந்தான். நல்ல கனமான எவர்சில்வர், முன்னால் அடைக்கிற ரகம். ஃபெர்டி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தான், நகத்தால் சுரண்டினான், மூக்கில் டார்ச் அடித்தான்.

“ரோலி நல்ல சாமானாத்தான் பாத்து வாங்கியிருக்கான். பூச்சு கிடையாது, உள்ளயும் வெளியயும் ஒரே உலோகம். ருசி கெடாது. உசிர் உள்ளவரைக்கும் ஒட்டாது.”

“அதுக்குத்தாம்மா வாங்குனேன்” என்றான் ரோலி, தரையைப் பார்த்தபடி. “யாராவது இழுத்தாங்களா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். அது எப்பவும் லேசாவே இருக்கும். நமக்கும் நிம்மதி.”

ஒடீல் புதுக் குழாயை வாங்கிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. கிளெம்மின் மணிக்கட்டை நினைத்தாள். அவன் கைக்கு இது சுகமாக இருந்திருக்கும். மாட்டச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் வாய்வரை வந்தது.

“உங்க ரெண்டு பேருக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கிற குழாய் நல்ல குழாய்” என்றாள். “எனக்கு அப்படி இல்ல. என்னைக்காவது ஒரு நாள் அவன் போயிடுவான் இல்ல? போகத்தானே வேணும்? அன்னைக்கு அந்தப் பழசு ஒட்டும். அப்பதான் எனக்குத் தெரியும். இந்தப் பளபளப்பு எனக்கு ஒண்ணும் சொல்லாது. நான் பாட்டுக்கு லேசா இருக்கு லேசா இருக்குன்னு, ஆள் இல்லாத இடத்துல பேசிக்கிட்டு இருப்பேன்.”

எவர்சில்வர் குழாய் பெட்டியோடு ஓக் பலகையின் ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. பீப்பாய் காலியானால் ஃபெர்டி வேறு கொண்டுவந்து மாட்டினான். மாட்டும்போது மட்டும் கீழே பேசிக்கொண்டே இருப்பான், தைரியத்துக்காக. ஒடீல் தினமும் காலையில் படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கி, சுண்டுவிரலால் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுவாள். அவள் காலத்தில் அது ஒட்டவே இல்லை.

நெடுங்காலம் கழித்து, ஓர் இலையுதிர் காலத்தில், தன் கட்டிலில் தூங்கியபடியே ஒடீல் போய்ச் சேர்ந்தாள். வழக்கப்படி கொப்பரை வைத்து, கிளெம்மின் குழாயில் பிடித்து, எல்லாரும் குடித்துப் பேசிவிட்டுக் கலைந்தார்கள். ரோலி வீட்டைப் பூட்டினான். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடக் கூடாதென்று மின்சாரத்தை மட்டும் அணைக்கவில்லை. பனி உருகியதும் விற்றுவிடுவது என்று தீர்மானம். வாங்க ஓர் ஆளும் பேசி வைத்திருந்தான்.

வளைகுடாவில் பனி உடைந்ததும், சாமான்களை ஒழிக்க ரோலியும் ஃபெர்டியும் வந்தார்கள். பனிக்காலம் முழுதும் அந்த வீட்டில் ஒரு மூச்சு இருந்ததில்லை. வாசல் பனியில் ஒரு காலடிகூட இல்லை. நிலவறைக் கதவைத் திறக்கும்போது ரோலி கீழே பார்க்கவில்லை. ஃபெர்டி பார்த்தான்.

“படியில ஒண்ணும் இல்லடா” என்றான்.

ரோலி மூச்சு விட்டான். “போயிட்டாங்க” என்றான்.

“வீட்டுல ஆள் இல்லைன்னா ஒட்டிக்கும், தெரியும்ல? உங்கப்பன் தனியா குடிக்க மாட்டான். கழட்டணும்னா வெந்நீர் வேணும். அடுப்பை ஏத்து.”

சொல்லிக்கொண்டே இறங்கினான். ரோலி அடுப்பை ஏற்றவில்லை, பின்னாலேயே இறங்கினான். விளக்கைப் போட்டார்கள். ஓக் பலகையில் தூசி வெள்ளையாய்ப் படிந்திருந்தது. எவர்சில்வர் குழாயின் பெட்டி மேலும் தூசி. குழாய்க்கு எதிரே மட்டும் தூசி இல்லை. அங்கே இரண்டு கிளாஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று கிளெம்முடைய பெரியது, அடி வரை காலி. மற்றது குட்டி. அதில் பீர் அப்படியே இருந்தது, நுரை மட்டும் இல்லை.

ஃபெர்டி வெகு நேரம் அந்தக் குட்டிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். “மூட்டு வலி போயிடுச்சு போல” என்றான் மெதுவாக. “அண்ணி இறங்கி வந்துட்டா.”

கையை நீட்டி, சுண்டுவிரலால் கைப்பிடியைத் தொட்டான். அது சாய்ந்தது.

ரோலி வீட்டை விற்கவில்லை. வாங்க வந்த ஆளிடம் நிலவறையில் ஈரம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். பொய்யும் இல்லை. மின்கட்டணத்தை இன்றைக்கும் கட்டுகிறான். பீப்பாய் மாற்றுவது ஃபெர்டி. மாற்றும்போது இப்போதெல்லாம் அவன் பேசுவதில்லை, அவர்கள் நடுவில் குறுக்கிடக் கூடாது என்று.